எங்க விழுந்துச்சு, யாரு எடுத்தா?

1

கோவில்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் நகை காணாமல் போனால் இரண்டு கேள்விகள் எழும். ஒன்று, "எங்க விழுந்துச்சு?" இன்னொன்று, "யாரு வந்துட்டுப் போனா?" முதல் கேள்விக்கு ஆயுசு ரொம்பக் குறைவு. பாயை உதறி, அடுப்படியைக் கூட்டி, குப்பையைக் கிளறி, குளித்த இடத்தில் ஒரு பார்வை பார்த்ததும் அது முடிந்துவிடும். இரண்டாவது கேள்வி வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். நகைக்கு உரியவள் செத்துப்போன பிறகும், "அன்னைக்கு அவதான மாவாட்ட வந்தா" என்று எவளோ ஒருத்தியின் பேர் அந்த வீட்டுப் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது கேள்விக்கென்று நம்மிடம் கருவிகளும் உண்டு. வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பது ஒன்று. மையில் நகை தெரிந்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எடுத்த ஆளின் சாயல் தெரிந்தது என்றுதான் சொல்வார்கள். "வடக்க இருந்து வந்தவ, கொஞ்சம் குட்டையா இருப்பா." கோயிலில் காசு வெட்டிப் போடுவது இன்னொன்று. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில், பொருளைப் பறிகொடுத்தவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு வருகிறார்கள். எடுத்தவன் உடம்பு எரியும் என்று நம்பிக்கை. மூன்றிலும் தேடப்படுவது ஆள். நகை எங்கோ ஒரு மண் இடுக்கில் சும்மா கிடக்கலாம் என்ற சாத்தியத்துக்கு இந்தக் கருவிகளில் இடமே இல்லை. வெட்டுப்பட்ட காசு யார் மேலாவது போய் விழுந்தே ஆகவேண்டும்.

நம் இலக்கியமும் இப்படித்தான் மை போட்டுப் பார்த்திருக்கிறது என்பது என் வாதம். தொலைந்த நகையைப் பற்றிய நமது பெரிய கதைகளை எடுத்துப் பாருங்கள். களவு இருக்கிறது, பழி இருக்கிறது, தண்டனை இருக்கிறது. குனிந்து தேடுகிற ஆள் இல்லை. இருந்தாலும் ஒரு ஓரத்தில் அடிவாங்கிக்கொண்டு நிற்கிறான். இது ஏன் முக்கியம் என்றால், இரண்டாவது கேள்வியின் விலையை எப்போதும் கொடுப்பவர்கள் ஒரே வகை ஆட்கள்: வேலைக்கு வந்தவள், புதுசாக வந்த மருமகள், தட்டார், வெளியூர்க்காரன்.

2

சிலப்பதிகாரத்திலிருந்தே தொடங்கலாம். பாண்டிமாதேவியின் சிலம்பு காணோம். இவ்வளவு பெரிய காப்பியத்தில் அந்தச் சிலம்பைத் தேடும் காட்சி என்று ஒன்று கிடையாது. பொற்கொல்லன் ஒருவன் வந்து கள்வன் அகப்பட்டான் என்கிறான். ஊடிப்போன தேவியைச் சமாதானப்படுத்தக் கிளம்பிக்கொண்டிருக்கும் மன்னன், போகிற போக்கில் ஆணை இடுகிறான். ஒரு வரியில் விசாரணை முடிகிறது. எங்கே கழற்றி வைத்தீர்கள், யார் கடைசியாகப் பார்த்தது, எப்போது இல்லை என்று தெரிந்தது என்று அரண்மனையில் ஒருவரும் கேட்கவில்லை.

மொத்தக் காப்பியத்திலும் பொருளைப் பார்த்துப் பேசிய ஒரே ஆள் கண்ணகி. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்களுடையது முத்து என்கிறான் மன்னன். உடைக்கிறாள். சபையில் தெறித்தது மாணிக்கம். இந்தக் காட்சியைக் கற்பின் வெற்றி, அறத்தின் வெற்றி என்று நூற்றாண்டுகளாகப் பேசிவிட்டோம். எனக்கு அது முறையின் வெற்றியாகவும் தெரிகிறது. எல்லோரும் கோவலனின் முகத்தைப் பார்த்தபோது, அவள் 'சிலம்புக்குள்ளே என்ன இருக்கிறது' என்று கேட்டாள். உலோகத்தை விசாரித்தாள். அதைச் செய்ய அரசனுக்கு அரை நாழிகைகூட ஆகியிருக்காது.

இதற்குப் பிறகு வருவதுதான் நம்மூர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கம். கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டதாகக் காப்பியம் சொல்கிறது. கொற்கை இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. கோவில்பட்டியும் அதே மாவட்டம்தான். ஒருவன் திருடினான், ஆயிரம் பேர் செத்தார்கள். 'யாரு எடுத்தா' என்ற கேள்வி எப்படி வீங்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தமிழில் இல்லை. ஒரு ஆளில் தொடங்கி ஒரு தொழிலில், ஒரு சாதியில் போய் முடிகிறது. அரசியின் சிலம்பு திரும்பக் கிடைத்ததா? காப்பியத்துக்கு அதில் அக்கறை இல்லை. நகைக்காகத் தொடங்கிய கதை நகையை மறந்தே போகிறது.

3

வடக்கே காளிதாசனின் சாகுந்தலத்தில் தொலைந்த நகை ஒன்று உண்மையிலேயே கிடைக்கிறது. சகுந்தலையின் மோதிரம் சசி தீர்த்தத்தில் நீரைக் கும்பிட்டபோது நழுவி விழுந்துவிடுகிறது. திருச்செந்தூரிலும் ராமேஸ்வரத்திலும் நம் அம்மாக்களுக்கு நடப்பது அப்படியே. கும்பிட்டு முங்கி எழுந்தால் விரலிலோ கழுத்திலோ இருந்தது இல்லை. மோதிரத்தை மீன் விழுங்குகிறது, மீன் வலையில் விழுகிறது, மீனவன் வயிற்றைக் கீறினால் மோதிரம்.

ஆறாம் அங்கத்தின் தொடக்கத்தில் வரும் அந்தச் சின்னக் காட்சியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். மீனவனைக் கையைக் கட்டி இழுத்து வருகிறார்கள் இரண்டு காவலர்கள். அடிக்கிறார்கள். எங்கே திருடினாய் என்கிறார்கள். நான் திருடவில்லை, மீனுக்குள் கிடைத்தது என்கிறான். தொழிலைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். மோதிரத்தைப் பார்த்த மன்னனின் மனம் கலங்குகிறது. மோதிரத்தின் மதிப்புக்கு ஈடான பணம் மீனவனுக்கு வருகிறது. அதில் பாதியை அவன் அடித்தவர்களுக்கே கொடுத்துவிடுகிறான். சற்றுமுன் மிரட்டிய அதிகாரி நண்பனாகிவிடுகிறார், எல்லோரும் சேர்ந்து கள்ளுக்கடைக்குப் போகிறார்கள். அதோடு மீனவன் நாடகத்திலிருந்தே காணாமல் போகிறான். மன்னன் சமஸ்கிருதம் பேசும் நாடகத்தில் இவன் பேசுவது பிராகிருதம். தேடல் என்று இவன் எதுவும் செய்யவில்லை, தற்செயலாகக் கிடைத்தது. அப்படியும் முதலில் கிடைத்தது அடி.

கண்டெடுத்தவனை எப்படி நடத்துவது என்பதில் இலக்கியத்தைவிடச் சட்டம் கொஞ்சம் நிதானமாக யோசித்திருக்கிறது. 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 403-வது பிரிவில் சில குட்டிக்கதைகளை விளக்கமாக வைத்திருந்தது. பெருஞ்சாலையில் ஒரு ரூபாயைக் கண்டெடுக்கிறான் ஒருவன், யாருடையது என்று தெரியாது, எடுத்துக்கொள்கிறான். குற்றமில்லை. இன்னொரு கதையில், விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுக்கிறான், உரியவரைத் தேட முயற்சி எதுவும் செய்யாமல் உடனே விற்றுவிடுகிறான். அது குற்றம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதே விஷயம் 314-வது பிரிவு. குனிந்து எடுத்ததை இந்தக் கதைகள் குற்றமாகப் பார்க்கவில்லை. எடுத்த பிறகு உரியவளைத் தேடினாயா என்றுதான் கேட்கின்றன. தேடல் இரண்டு பக்கமும் போகவேண்டும் என்கிற எண்ணம் அதில் இருக்கிறது. தொலைத்தவள் நகையைத் தேடுகிறாள், கிடைத்தவன் அவளைத் தேடவேண்டும். ஒரு சிறுகதைக்கு இதைவிட நல்ல முடிச்சு வேறு என்ன வேண்டும்?

4

இனி கரிசல். கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976-ல் வந்தது. கரிசல் இலக்கியத்தின் ஆதிநூல் என்று சொல்லத்தக்க அந்த நாவலின் தொடக்கத்திலேயே நகைக்காக ஒரு கொலை நடக்கிறது. தனியே நடந்துவரும் கர்ப்பிணிப் பெண் தண்ணீர் குடிக்க இறங்குகிறாள். நகைக்கு ஆசைப்பட்டவன் அவளைத் தண்ணீருக்குள் மிதித்து அமுக்குகிறான். சாகிறவள் அவன் கால் பெருவிரலைப் பல்லால் கவ்விக்கொள்கிறாள். செத்த பிறகும் விடவில்லை. படித்தவர் யாருக்கும் மறக்காத காட்சி. அந்தப் பல்தான் இந்த நாவலின் மை. ஆள் அகப்பட்டுவிட்டான், 'யாரு' என்ற கேள்விக்குப் பதில் தண்ணீருக்குள்ளேயே கிடைத்துவிட்டது. அதன் பிறகு நாவலின் கண் தீர்ப்பின் மேல், கழுமரத்தின் மேல், ஊர் எப்படி ஊரானது என்பதன் மேல் போகிறது.

கி.ரா. செய்ததைக் குறை சொல்லவில்லை. வழிப்பறி நிஜமாக இருந்த காலத்தைப் பற்றிய நாவல் அது. ஆனால் கரிசல் எழுத்து முழுக்கவே தங்கம் வரும்போதெல்லாம் பறிப்பது, அடகு வைப்பது, பங்கு பிரிப்பது, ஒளித்து வைப்பது என்றே வருகிறது. சும்மா விழுந்து தொலைவது ஏன் வருவதில்லை? இந்த மண்ணில் அது நடக்கிற அளவுக்கு வேறெங்கும் நடக்காது. கோடையில் கரிசல் வெடிக்கும். கை நுழைகிற வெடிப்பு, சில இடங்களில் கால் இறங்குகிற வெடிப்பு. பருத்திக்காட்டில் குனிந்து நிமிரும்போது கழன்று விழுந்த மூக்குத்தி அதற்குள் போனால் போனதுதான். ஐப்பசி மழையில் மண் ஊறி உப்பி, வெடிப்பு மூடிக்கொள்ளும். மேல்மண் உள்ளே போகும், உள்மண் மேலே வரும். மண்ணியல்காரர்கள் இந்த வகை மண்ணுக்கு வைத்த வெர்ட்டிசால் என்ற பேரே லத்தீனில் புரட்டுதல் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். ஒருநாள் உழவில் அந்த மூக்குத்தி மேலே வரலாம். அதற்குள் நாத்தனாருக்கும் இவளுக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒரு தலைமுறை ஆகியிருக்கும்.

தங்கம் இங்கே அலங்காரம் மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆறு இல்லை, வாய்க்கால் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஒன்றை நம்பி உளுந்தும் கம்பும் மக்காச்சோளமும் போடுகிற மானாவாரி பூமி. புரட்டாசியில் விதைக்கும் உரத்துக்கும் உழவுக்கும் பணம் வேண்டும். நகை கழுத்திலிருந்து கூட்டுறவுச் சங்கத்துக்கோ அடகுக்கடைக்கோ போகும். வெள்ளாமை வீடு வந்தால் நகையும் வரும். 2021-ல் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது இந்தப் பக்கம் அது எவ்வளவு பேசப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். வயல்காட்டுக்காரனுக்குக் கண்மாய் மாதிரி கரிசல்காட்டுக்காரிக்குக் கழுத்துச் சங்கிலி. 3 பவுன் சங்கிலி தொலைந்தால் 24 கிராம் போனது என்று கணக்கு முடியாது. அடுத்த விதைப்பு போயிற்று. அவ்வளவு பெரிய இழப்பை 'தானா விழுந்துச்சு' என்று விட மனசு வராது. யாராவது காரணமாக இருந்தாகவேண்டும். பழிக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பயத்தைக் கரிசல் எழுத்தாளர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். பழி பொய்யாகப் போகும் இடத்தை எழுதவில்லை.

மோப்பசானின் 'நெக்லஸ்' கதையை இங்கே ஒப்பிடலாம். 1884-ல் எழுதியது. இரவல் நகையைத் தொலைத்தவள் 36,000 பிராங்கில் வேறொன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் பத்து வருஷம் உழைத்துக் கடனை அடைக்கிறாள். அசல் நகை போலி, அதிகம் போனால் 500 பிராங்க் என்று கடைசியில் தெரிகிறது. அந்தக் கதையில் கணவன் வந்த வழியெல்லாம் நடந்து தேடுகிறான், போலீசுக்கும் பத்திரிகைக்கும் போகிறான். கதையில் நாம் வேகமாகத் தாண்டிப்போகும் பத்தி அது. அங்கேயும் தேடல் திருப்பத்துக்கான படிக்கட்டு மட்டும்தான். ஆனால் ஒருத்தர் மேலும் பழி விழவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். நம்மூரில் அந்தக் கதை நடந்திருந்தால் அந்த விருந்துக்கு வந்த வண்டிக்காரனை முதலில் கட்டி வைத்திருப்பார்கள்.

5

இப்போது கடற்கரைக்கு வருவோம். திருச்செந்தூர் கடலில் விழுந்த சங்கிலியை, அங்கேயே கடலோரத்தில் வேலை பார்ப்பவர்கள் தேடி எடுத்து உரியவரிடம் கொடுத்தார்கள் என்று நாளிதழில் அவ்வப்போது ஒரு பத்திச் செய்தி வரும். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் காசு தேடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் காந்தம் கட்டி ஆற்றில் வீசுபவர்களும் உண்டு. இன்றைய நாணயங்களில் துருப்பிடிக்காத இரும்பால் ஆனவை காந்தத்தில் ஒட்டும். தங்கம் ஒட்டாது. அதற்குக் கையும் காலும் சல்லடையும்தான். தூய தங்கம் மணலைப்போல ஏழு மடங்கு கனம். அலை மணலைக் கலக்கக் கலக்க அது கீழே இறங்கிக்கொண்டே போகும், கெட்டித்தரை வந்தால் நிற்கும். எந்த அலைக்கு எந்தப் பக்கம் மணல் ஏறும், எந்த மாசத்தில் கரை அரிக்கும், எங்கே பள்ளம் விழும் என்று தெரிந்தவருக்குத்தான் அது கிடைக்கும். இது ஒரு அறிவு. பாய்மரம், வலை, நீரோட்டம் பற்றிய சொற்களையெல்லாம் சேகரித்த நமது நெய்தல் எழுத்தில் இந்த அறிவுக்கு இன்னும் ஒரு அத்தியாயம் வாய்க்கவில்லை.

வெளிநாட்டுக் கடற்கரைகளில் இந்த வேலைக்கு மெட்டல் டிடெக்டர் வந்து வெகுகாலம் ஆகிறது. அந்தக் கருவியின் பிரபலமான முதல் கதையே நம் விஷயத்துக்குப் பொருந்தும். 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டார். சுட்டவன் அங்கேயே பிடிபட்டுவிட்டான். 'யார்' முடிந்துவிட்டது, குண்டு உடம்பில் எங்கே என்பதுதான் மிச்சம். தொலைபேசி புகழ் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் ஒரு மின்தூண்டல் கருவியோடு வந்து தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை, மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருள்கள் குழப்பியது ஒரு காரணம் என்பார்கள். எங்கே என்று மட்டும் கேட்கத் தெரிந்த கருவி அது. நாம் அதை முதலில் பார்த்தது எங்கே? கோயில் வாசலில், கலெக்டர் ஆபீசில், மந்திரி வருகிற கூட்டத்தில். கையைத் தூக்கு, திரும்பு. நம்மூருக்கு வந்ததும் அந்தக் கருவியும் 'யாரு' என்று கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

அந்தக் கருவியின் குணத்தில் ஒரு எழுத்தாளன் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. தங்க மோதிரம் எழுப்பும் சத்தமும் சோடா டின்னின் அலுமினிய மூடி எழுப்பும் சத்தமும் கிட்டத்தட்ட ஒன்று. குப்பையின் சத்தம் கேட்காதபடி கருவியைத் திருகி வைத்தால் மோதிரமும் கேட்காமல் போய்விடும். தங்கம் வேண்டுமென்றால் நூறு மூடிக்கும் குனிந்தே ஆகவேண்டும். இரண்டாவது, மெல்லிய சங்கிலி அதற்குச் சரியாகக் கேட்காது. கருவி சங்கிலியை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கண்ணியாகப் பார்க்கிறது. கண்ணியோ ரொம்பச் சின்னது. உப்புநீர் ஊறிய மணல் வேறு பொய்ச்சத்தம் எழுப்பும். ஆக நம் பெண்கள் அதிகம் தொலைக்கும் பொருளுக்குத்தான் அந்தக் கருவி பாதிச் செவிடு. சல்லடைக்காரருக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இதை வைத்துக் கலை செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு பிபிசியின் 'டிடெக்டரிஸ்ட்ஸ்' தொடரைக் காட்டுவேன். மெக்கென்ஸி குரூக் எழுதி இயக்கி, டோபி ஜோன்ஸோடு சேர்ந்து நடித்தது. 2014, 2015, 2017 என மூன்று பருவங்கள், 2022-ல் ஒரு சிறப்புப் படம். இரண்டு நண்பர்கள் வயலில் டிடெக்டரோடு நடக்கிறார்கள். பெரும்பாலும் கிடைப்பது டின் மூடியும் பித்தானும். பெரிய புதையல் அவர்கள் காலுக்குக் கீழேயே இருக்கிறது, நமக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரிவதில்லை. அதில் வில்லன் என்று சொல்ல ஆளில்லை. இருந்தும் அலுப்புத் தட்டாததற்குக் காரணம், தேடல் அதில் ஒரு குணமாக எழுதப்பட்டிருக்கிறது. பொறுமை, மண்மேல் மரியாதை, நிலத்துக்காரனிடம் அனுமதி கேட்கும் கூச்சம், பக்கத்தில் நடப்பவனின் அமைதி. ஒரு குறையும் உண்டு. அங்கே தேடுவது பொழுதுபோக்கு. வெறும் மூடியோடு வீட்டுக்குப் போனாலும் அடுப்பு எரியும். நம் கடற்கரையில் தேடுபவருக்கு அது கூலி, தேடச் சொன்னவளுக்கு அது விதைப்பு. அந்தத் தொடரின் மென்மையை நகல் எடுத்தால் நமக்கு ஒட்டாது. குனிந்து பார்க்கும் நேரத்தைக் கதையின் நடுவில் வைக்கத் துணிந்ததே, அதை எடுத்துக்கொள்ளலாம்.

6

ஒரு மறுப்பு வரும். பழியில்தான் நாடகம் இருக்கிறது, கண்டெடுப்பது வெறும் செய்தி. தவிரவும் நகை நிஜமாகவே திருடப்படுவதும் உண்டுதானே என்பார்கள். உண்டு. கோபல்ல கிராமத்துப் பெண்ணின் நகை தானாக விழவில்லை. ஆனால் நாடகம் பழியில் மட்டும் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இருபது வருஷம் ஒருத்தியைத் திருடி என்று சொன்ன வீட்டில், உழவில் மூக்குத்தி மேலே வந்தால் என்ன ஆகும்? எடுத்தவர் அதை யாரிடம் சொல்வார்? சொல்லாமல் விற்றுவிடுவது எல்லோருக்கும் வசதி இல்லையா? கிடைத்துவிட்டது என்ற நல்ல செய்தி அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய கெட்ட செய்தி? கண்டெடுத்தல் இங்கே பழைய பழியை உடைத்து உள்ளே இருக்கும் பரலைக் காட்டும் வேலை. கண்ணகி சபையில் செய்ததை ஒரு ஏர்க்கொழு செய்யும். சிலப்பதிகாரத்துக்குப் பின்னால் இவ்வளவு காலமாக நாம் அந்தப் பக்கம் போகவில்லை.

ஊர்ப்பேச்சை, வதந்தியை, ஒரு பேர் எப்படி வாய் வாயாகக் கெட்டுப்போகிறது என்பதைக் கி.ரா. அளவுக்குத் தெரிந்த எழுத்து மரபு தமிழில் வேறில்லை. கண்மாயையே நாயகனாக்கி சோ.தர்மன் 'சூல்' எழுதிய ஊர்ப்பக்கம் இது. மண்ணுக்குள் போனதை மண்ணே திருப்பித் தரும் கதையை எழுத இவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு முழுத் தகுதியும் இருக்கிறது.

கோவில்பட்டியிலிருந்து காலை பஸ் பிடித்துத் திருச்செந்தூர் போய், கடலில் முங்கி எழுந்து, கழுத்தைத் தடவிப் பார்த்துத் திகைத்து நிற்பவளைச் சுற்றி ஒரு கூட்டம் கூடும். கூட வந்த சொந்தபந்தம், "பக்கத்துல யாரு நின்னா?" என்று கேட்கும். சல்லடையோடு வருகிற ஆள் கேட்பது வேறு. "எந்த எடத்துல முங்குனீங்கம்மா? எத்தன மணி இருக்கும்? அலை எந்தப் பக்கமா இழுத்துச்சு?" அவர் கேட்ட மூன்றிலும் ஒரு ஆளின் பேர் இல்லை.